12 படத்துக்கு 30,000 ரூபாய்: கலண்டருக்குக் கொடுப்பதா, இணையத்தில் போடுவதா?

கொட்டகலை_மூடுபனி:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று கெமரா தூக்கிப் போகிறவன் நான். சாப்பாடு அதில்தான். மிச்ச நாட்களில் மலை, பனி, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள், கோச்சி (ரயில்) என்று எனக்காக எடுப்பேன். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனம் 2026 கலண்டருக்கு 12 படம் கேட்கிறது. மொத்தமாக 30,000 ரூபாய். கடிதத்தில் 'சகல உரிமைகளும்' என்று எழுதியிருக்கிறது. ரோ ஃபைலும், அதாவது கெமராவில் பதிந்த மூலக் கோப்பும், வேண்டுமாம். என் பெயர் போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இணையத்துப் பக்கமும் போய்ப் பார்த்தேன். 14 மாதத்தில், படம் விற்கும் தளங்களான ஷட்டர்ஸ்டொக்கிலும் அடோபி ஸ்டொக்கிலும் 310 படம் ஏற்றினேன். இதுவரை 118 தடவை இறக்கியிருக்கிறார்கள். மொத்தம் 41 டொலர். ஒரே ஒரு தடவை 6 டொலர் சொச்சம் வந்தது, மற்றதெல்லாம் 10 சதம், 33 சதம் என்று சதக் கணக்குத்தான். அந்த 41ம் ஒரு இடத்தில் 23, இன்னொரு இடத்தில் 18 என்று பிரிந்து கிடக்கிறது, 25 சேர்ந்தால்தான் கொடுப்பார்கள் என்பதால் இரண்டிலிருந்தும் இன்னும் எடுக்க முடியவில்லை. ஆக, கையில் வந்தது சைபர்.

அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, இந்த 2025இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். 30,000 என்றால் எங்கள் வீட்டுக் கணக்கில் 22 பேர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் 12 படத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவை என்னுடையவை இல்லை என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. என்ன செய்யலாம்?

பண்டாரவளைத்_தூறல்:

தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் இணையத்துக் கணக்கைச் சொல்கிறேன், 2016இலிருந்து அதில்தான் கிடக்கிறேன்.

ஷட்டர்ஸ்டொக் 2020 ஜூனில் கொடுப்பனவு முறையை மாற்றியது. வருஷத்தின் முதல் 100 இறக்கத்துக்கு 15 சதவீதம்தான் நமக்கு. 250 வரை 20, 500 வரை 25 என்று படி ஏறும், உச்சம் 40. சரி, ஏறிவிடலாம் என்று நினைத்தால், ஜனவரி 1ஆம் திகதி எல்லோரையும் மறுபடி அடிப்படிக்கு இறக்கிவிடுவார்கள். அந்த 40ஐத் தொட ஒரே வருஷத்தில் 25,000 தடவைக்கு மேல் விற்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு ஜனவரியும் பெப்ரவரியும் 10 சத மாதங்கள்தான். அடோபியில் படத்துக்கு 33 சதவீதம், படி கிடையாது. உங்களைப் போல 300 படம் வைத்திருக்கிறவர்கள் இரண்டு கடையில் பரப்பாமல் முதலில் ஒன்றில் மட்டும் வைத்தால், 25 டொலர் சேர்ந்து கைக்கு வரும்.

அடுத்தது வரி. அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவம் நிரப்பினீர்களா? நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் வாங்கும் ஒவ்வொருவரின் தொகையிலும் 30 சதவீதம் அங்கேயே வெட்டுவார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால், படிவத்தில் அதைக் குறித்தால் 10தான். இதைத் தெரியாமல் நான் இரண்டு வருஷம் இழந்தேன். பேபாலில் நாம் காசு அனுப்பலாம், வாங்க முடியாது என்றே இத்தனை வருஷம் ஓட்டியதால் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாக எடுக்கிறேன். அங்கேயும் ஒரு வெட்டு, வங்கி மாற்று விலையில் இன்னொரு வெட்டு.

இவ்வளவுக்கும் நான் அதை விடவில்லை. ஏன் என்று இரவு எழுதுகிறேன், மகளுக்கு டியூஷன் நேரம்.

பதுளை_நிருபர்:

பத்திரிகைப் பக்கம் நான் சொல்கிறேன். பிராந்திய நிருபராக 11 வருஷம். செய்திக்குத் தனி, படத்துக்குத் தனி என்று கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது செய்தியோடு படமும் போனால்தான் எடுக்கிறார்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதுவும் மூன்று மாதம் கழித்து.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் மேலே தெரியும், எல்லோருக்கும் தெரிந்த காட்சி. முன்பெல்லாம் அதை எடுத்து அனுப்பினால் மறுநாள் முதல் பக்கம். இப்போது தண்ணீர் ஓர் அடி இறங்கியதும் நூறு பேர் கைத்தொலைபேசியோடு நிற்கிறார்கள், மதியத்துக்குள் பேஸ்புக் முழுக்க அதே கோயில். ஆசிரியர் பீடத்தில் நேராகவே கேட்டார்கள்: இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குத் தம்பி காசு? போன வருஷம் ஒரு செய்தித் தளம் என் படத்தையே எடுத்து, என் பெயரை வெட்டிவிட்டு, தங்கள் முத்திரையைப் பதித்துப் போட்டது. தொலைபேசியில் பேசினேன். 'பேஸ்புக்கில் இருந்ததே' என்றார்கள். பேஸ்புக்கில் இருந்தால் ஊர்ச் சொத்தா?

அச்சை மட்டும் நம்பியவர்களுக்கு 2022 நல்ல பாடம். அந்த மார்ச்சில் காகிதம் இல்லாமல் 'த ஐலன்ட்', 'திவயின' இரண்டும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். பக்கம் குறைந்தபோது முதலில் வெட்டு விழுந்தது எங்கள் படங்களுக்குத்தான்.

பண்டாரவளைத்_தூறல்:

அந்த 2022ஐத்தான் நானும் சொல்ல வந்தேன். 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் அந்த மே மாதம் 360 ஆனது. பதுளை அண்ணனுக்குப் பக்கம் குறைந்த அதே மாதங்களில், நான் ஒரு படம்கூடப் புதிதாக ஏற்றாமலே என் மாத வருமானம் ரூபாயில் ஒன்றே முக்கால் மடங்கானது. அந்தக் காசில்தான் வீட்டுக்கு காஸ் வாங்கினேன். அதனால் சதம்தானே என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது.

ஆனால் எது விற்கிறது என்று பாருங்கள். என்னிடம் 4,000க்கு மேல் படம் இருக்கிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் மட்டும் 60. அதில் விற்றது மூன்று. உலகத்தில் எல்லோரிடமும் அந்தப் பாலம் இருக்கிறது, நீல ரயிலோடு, இலை மறைவோடு. என்னிடம் அதிகம் விற்கும் படம் என்ன தெரியுமா? தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வாட்டுத் தொட்டியில் கொழுந்தைக் கைகளால் கிளறும் ஒரு படம். கைகள் மட்டும்தான், முகம் கிடையாது. கீழே எந்தக் கட்டத்தில் இந்த வேலை நடக்கிறது, எத்தனை மணிநேரம் வாடும் என்று விவரம் எழுதியிருந்தேன். பாடப்புத்தகம் செய்கிறவர்களுக்கும் தேயிலை பற்றி எழுதுகிறவர்களுக்கும் அதுதான் தேவை. மலையில் பிறந்த நமக்கு அந்த விவரம் தெரியும், இரண்டு நாள் வந்து போகிறவனுக்குத் தெரியாது. அடோபியில் 49 தேடுசொல் போடலாம், முதல் பத்துக்குத்தான் எடை அதிகம். அந்தப் பத்தை 'அழகு, பச்சை, இயற்கை' என்று வீணாக்காதீர்கள்.

லிந்துலை_டீச்சர்:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் படம் எடுப்பவள் இல்லை, என் அம்மா எடுக்கப்பட்டவர். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பெரிய நிறப்படத் தாள் தொங்குகிறது, யாரோ கொண்டுவந்து கொடுத்த தேயிலை விளம்பரம். அதில் அம்மா கூடையோடு சிரிக்கிறார். எந்த வருஷம், யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. அன்று அவருக்கு யாரோ 100 ரூபாய் கொடுத்ததாக ஞாபகம்.

30,000, 41 டொலர், 33 சதம் எல்லாம் வாசித்தேன். அந்த 12 படத்தில் முகம் தெரிகிறவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள், தம்பி?

கொட்டகலை_மூடுபனி:

டீச்சர், உண்மையைச் சொல்கிறேன். 12இல் ஐந்தில் முகம் தெரிகிறது. நால்வர் எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு). எடுக்கும்போது கேட்டுத்தான் எடுத்தேன், ஆனால் 'கலண்டரில் வரும்' என்று சொல்லிக் கேட்கவில்லை. ஐந்தாவது படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியாது. டிக்கோயா பக்கம் பஸ்ஸில் இருந்து இறங்கி எடுத்தது.

பண்டாரவளைத்_தூறல்:

டீச்சர் கேட்டது மனச்சாட்சிக் கேள்வி மட்டும் இல்லை, விலையையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஷட்டர்ஸ்டொக் போன்ற தளங்களில் முகம் தெரிகிறவரின் சம்மதக் கையெழுத்து இல்லாத படத்தைச் செய்தி, கல்விப் பாவனைக்கு மட்டும்தான் வைக்கலாம். விளம்பரத்துக்குப் போகாது. கலண்டர் என்பது ஒரு நிறுவனத்தின் விளம்பரம். அந்தக் கையெழுத்து இல்லாமல் 'சகல உரிமைகளும்' கொடுத்தால், நாளைக்கு அந்தப் படம் தேயிலைப் பெட்டியில் ஏறி யாராவது கேட்டு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நான் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் (கொட்டகையில்) நிறுத்து முடியும் நேரம் போய், வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவேன். ஒரு பிரதி அவர்களுக்கு. படம் விற்றால் இவ்வளவு என்று ஒரு தொகையும் அதிலேயே எழுதுவேன். தோட்டத்துக்குள் விளம்பரத்துக்காக எடுப்பதென்றால் துரையிடமும் (தோட்ட முகாமையாளரிடமும்) எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

ஹட்டன்_பழைய_ஸ்டூடியோ:

தம்பிமாரே, நான் 1984இல் ஸ்டூடியோவுக்குள் கால் வைத்தவன். 36 படச் சுருளை முடித்து, காகிதத்தில் சுற்றி, இரவுக் கோச்சியில் தெரிந்த கார்டிடம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். காலையில் பத்திரிகைப் பொடியன் கோட்டை ஸ்டேசனில் வாங்கிக்கொள்வான். படம் வந்தால் ஒரு தொகை, வராவிட்டால் சுருள் காசு மட்டும். ஒன்றைக் கவனியுங்கள். சுருள் திரும்பி வரும். நெகட்டிவ் என்னுடையது. அவர்கள் அந்த ஒரு நாள் பாவனைக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் செயின்ட் கிளயர் அருவி முழு அகலத்துக்குக் கொட்டிய காலத்தில் நான் எடுத்த நெகட்டிவ் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு வழக்கமாக அந்தத் தண்ணீர் இல்லை. இனி நினைத்த நாளில் போய் அதை எடுக்க முடியாது. எடுத்த காலத்தில் அந்தப் படத்துக்கு ஒரு டீக்காசு கிடைத்தது. இப்போது ஆய்வு செய்கிறவர்கள், ஹோட்டல்காரர்கள், புத்தகம் போடுகிறவர்கள் தேடி வருகிறார்கள். ஒரு படத்தை நான் ஆறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன், ஆறு தடவையும் காசு. அன்றைக்கு யாராவது 'நெகட்டிவோடு கொடு' என்று நல்ல விலை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், கஷ்ட காலம். கேட்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

ரோ ஃபைல்தான் உங்கள் நெகட்டிவ். அதைக் கேட்கிறவர் படத்தை வாங்கவில்லை, உங்கள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகிறார். வீட்டை வாடகைக்கு விடுவதுபோல விடுங்கள். இத்தனை மாதம், இன்ன வேலைக்கு, அப்புறம் சாவி திரும்பி வர வேண்டும்.

கண்டி_அச்சுமை:

அச்சகத்தில் படம் தயார் செய்கிற வேலை எனக்கு. ஸ்டூடியோ அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கலண்டர் அடிக்க ரோ ஃபைல் எந்த அச்சகத்துக்கும் தேவையில்லை. ஏ3 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 4961க்கு 3508 பிக்சல், 24 மெகாபிக்சல் கெமராவில் தாராளமாக இருக்கிறது. டிஃப் அல்லது தரம் குறைக்காத ஜேபெக் கோப்பு போதும். வட்ஸ்அப்பில் மட்டும் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும்.

இன்னொரு விஷயம், படம் எடுக்கிறவர்கள் பலர் கவனிப்பதில்லை. பத்திரிகைத் தாள் மையைக் குடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் பெருத்துவிடும். பனி மூடிய படத்தை அந்தத் தாளில் அடித்தால் பனி அழுக்குச் சாம்பலாகி, கொழுந்து மலை கறுத்துப் போகும். வெயில் பட்ட தளிரின் பச்சை இருக்கிறதே, திரையில் தெரிகிற அந்தப் பச்சை நான்கு நிற மையில் வரவே வராது, கொஞ்சம் மங்கித்தான் வரும். அச்சுக்குக் கொடுக்கிறவர் நிழல் பகுதியைக் கொஞ்சம் திறந்து, நிறத்தை அச்சு முறைக்கு மாற்றிப் பார்த்துக் கொடுத்தால் பாதிச் சண்டை இல்லை. அந்த வேலைக்கும் காசு கேளுங்கள். கேட்கலாம், கொடுப்பார்கள். கலண்டர்க் கணக்கில் படத்துக்குப் போகும் காசு, தாளுக்கும் மைக்கும் போகிறதோடு பார்த்தால் மிகவும் சின்னது. 30,000ஐ 50,000 ஆக்கினால் அவர்கள் மூழ்கிப்போக மாட்டார்கள்.

எல்ல_பாலம்:

நான் எல்லயில் சுற்றுலாப் பயணிகளுக்கு அச்சுப் படம் விற்கிறேன். ஏ4 மேட் தாளில் அடித்து, கடதாசிச் சட்டம் வைத்து, பின்னால் எடுத்த இடமும் நேரமும் கையால் எழுதுவேன். அந்தக் கையெழுத்துக்காகவே வாங்குகிறார்கள். பெட்டியில் மடியாமல் போக வேண்டும், அதனால் ஏ4ஐவிடப் பெரிதாக அடிப்பதில்லை. மழை மாதங்களில் வாரம் முழுக்க ஒன்றும் போகாத நாளும் உண்டு. ஆனால் ஒரு படம் போனால் ஸ்டொக்கில் பத்து பதினைந்து இறக்கத்துக்குச் சமமான காசு அன்றே கையில். பாலத்தின் படத்தைவிடத் தம்பேதன்ன பக்கம் விடியற்காலைப் படங்கள் அதிகம் போகின்றன. அங்கே லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு ஏறியவர்கள் பனியில் ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்திருப்பார்கள், பார்க்காததை வாங்கிப் போகிறார்கள்.

பதுளை_நிருபர்:

சட்டம் பற்றிக் கொஞ்சம், நான் பட்ட அனுபவத்துக்குப் பிறகு தேடிப் படித்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் எடுத்த நொடியில் உரிமை எடுத்தவருக்கு. பதிவு எதுவும் தேவையில்லை. ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருஷமும் அது நிற்கும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கு. தம்பி, நீங்கள் சம்பளக்காரர் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். அப்படியே கொடுத்தாலும் படத்தில் பெயர் வர வேண்டும் என்ற உரிமை உங்களிடமே நிற்கிறது. ஆகவே பெயர் போடச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

கொட்டகலை_மூடுபனி:

இரவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாள் முழுக்க மழையில் நின்று பறித்தும் கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழும். அந்தக் கோபம் சின்ன வயதிலிருந்து எனக்குள் இருக்கிறது. என் படத்துக்கு நானே அரைப்பேர் போட்டுக்கொள்ளப் பார்த்தேன் என்று இப்போதுதான் புரிகிறது.

இப்படி எழுதி அனுப்பப் போகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். முகம் தெரியாத ஏழு படம் இப்போதே. முகம் தெரியும் நான்கு, கையெழுத்து வாங்கிய பிறகு. டிக்கோயாப் படம் இல்லை. 2026 கலண்டருக்கு மட்டும், அச்சில் மட்டும், ஒரு வருஷம். ஒவ்வொரு தாளிலும் என் பெயர். ரோ ஃபைல் இல்லை, அச்சுக்குத் தயாரான டிஃப். படத்துக்கு 4,500.

பண்டாரவளைத்_தூறல்:

'அவர்களுடைய இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் போட்டால் தனித் தொகை' என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் ஜனவரியிலேயே 12 மாதமும் அங்கே ஏறிவிடும். அந்தப் படங்களை ஸ்டொக்கில் ஏற்றியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஹட்டன்_பழைய_ஸ்டூடியோ:

பாதியை முற்பணமாகக் கேளுங்கள் தம்பி. கலண்டர் தொங்கிய பிறகு யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

கொட்டகலை_மூடுபனி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் நான்கு நாள் பதில் இல்லை, எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அழைத்தார்கள். பேரம் பேசி, படத்துக்கு 3,500. ஒன்பது படம் எடுக்கிறார்கள், மிச்ச மூன்று மாதத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் படங்கள். ஒரு வருஷம், அச்சு மட்டும், பெயர் உண்டு, ரோ இல்லை. 31,500இல் பாதி நேற்று வங்கிக்கு வந்துவிட்டது. இணையப் பாவனைக்கு ஒத்துவரவில்லை, வேண்டுமானால் பிறகு பேசலாம் என்றார்கள்.

டீச்சர், முகம் தெரியும் நான்கில் இரண்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பேரிடமும் மடுவத்தில் வைத்து, பண்டாரவளை அக்கா அனுப்பிய படிவத்தை வாசித்துக் காட்டினேன். ஒருவர் உடனே கையெழுத்துப் போட்டார். மற்றவர், மார்ச் மாதத்தில் வரப்போகிறவர், இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு முழுவதையும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, தொகை சரி, ஆனால் கலண்டர் மூன்று வேண்டும் என்றார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கொழும்பில் வேலை செய்யும் மகளுக்கு, ஒன்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கு. அதையும் படிவத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.